கொடியில் காய்ந்த சாரம்

நிரோ, நான்கு நாளாக நீ போன் எடுக்கவில்லை. நான் அடித்தால் உன் குரல் இங்கிலீசில் சிரித்துக்கொண்டு மெசேஜ் விடச் சொல்கிறது. அந்தக் குரலோடு கதைத்து எனக்கு வெறுத்துப்போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு, பனி கொட்டக் கொட்ட, உன்னை இழுத்துக்கொண்டு போன வருடங்கள் வீண் போகவில்லை என்றால் இதை நீயே வாசிப்பாய். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். அவசரமில்லை, ஆறுதலாக வாசி. ஹன்னாவுக்கும் நீயே சொல்லிவிடு. இதன் இன்னொரு பிரதியைத் தமிழ்க்கடை வாசலில் அடுக்கி வைத்திருக்கும் இலவசப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். "எங்கட வீட்டு விசயத்தை ஏனம்மா ஊருக்குச் சொல்லுறீங்கள்" என்று குதிப்பாய். குதி. முடிவு மட்டும் வாசித்துவிட்டுக் குதி.

ஞாயிற்றுக்கிழமை பிக்கரிங்கில் ஹன்னா வீட்டு மதியச் சாப்பாட்டிலிருந்து நான் எழுந்து போனது பிழை. சம்பந்தி வீட்டில், கோப்பையில் சாப்பாடு கிடக்க, ஒரு சொல்லும் சொல்லாமல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கியது மரியாதையில்லாத வேலை. ஹன்னாவின் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அந்தப் பிள்ளைதான் போனைக் கொடுத்துக் கதைக்க வைத்தாள். நீ அன்றைக்கு ரயில் நிலையத்துக்குக் காரில் பின்னால் வந்து, கண்ணாடியை இறக்கி, "உங்களுக்கு அவளைப் பிடிக்கேல்லை, அதை நேர சொல்லுங்கோ" என்று கத்தினாய். எத்தனை பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அந்தப் பிள்ளையில் ஒரு குறையும் இல்லை. கத்தரிக்காய்க் குழம்பைக் கையால் குழைத்துச் சாப்பிடுகிறாள், உறைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னும் கேட்கிறாள், உன்னைவிட ஒழுங்காக எனக்குப் போன் பண்ணுகிறாள். உனக்குக் காரணம் தெரியவில்லை என்றால் ஒரு காரணத்தை நீயே செய்து என் தலையில் கட்டுவாயா? கலியாணம் கட்டப்போகிறவன் முதலில் அந்தப் பழக்கத்தை விடு. கேள். பதில் வரும்வரை நில்.

அன்றைக்கு மேசையில் என்ன நடந்தது என்று யோசித்துப் பார். ஹன்னாவின் அப்பா தன் தாத்தாவின் கதையைச் சொன்னார். இரண்டாம் உலகப்போர் நேரம் அவர் டொரோண்டோவில் பிறந்து வளர்ந்த இருபத்திரண்டு வயதுப் பெடியன். குண்டுவீச்சு விமானத்தில் வரைபடம் பார்த்து வழி சொல்கிற வேலை. ஏழு பேர் போன விமானம் ஒல்லாந்தின் மேல் அடிபட்டு விழுந்தது. பரசூட்டில் குதித்தவரை ஒரு பண்ணை வீட்டுக்காரர்கள் ஐந்து மாதம் வைக்கோல் பரணில் ஒளித்து வைத்திருந்தார்கள். கீழே தெருவில் ஜேர்மன் பட்டாளம். பிடிபட்டால் அவருக்குச் சிறை, வீட்டுக்காரருக்குச் சுவரோடு வைத்துச் சூடு. ஹன்னாவின் அப்பா அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அவர் வீரக்கதையாகச் சொல்லவில்லை. தாத்தா வயதான காலத்தில், ஏரிக்கரையில் விமானச் சாகசம் நடக்கும் நாட்களில் நிலவறைக்குள் போய் இருந்துவிடுவாராம். "நான் குண்டு போடவில்லை, ஆனால் எங்கே போடுவது என்று வழி சொன்னவன் நான்" என்று ஒரேயொரு முறை மகனிடம் சொன்னாராம். நானும் அதே நாட்களில் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு இருக்கிறவள். குண்டு போடுகிற பொம்பரை நான் கீழே இருந்து பார்த்தவள், அந்தத் தாத்தா மேலே இருந்து பார்த்தவர். உயிரோடு இருந்திருந்தால் இருவரும் கொஞ்ச நேரம் சண்டை பிடித்திருப்போம், பிறகு ஒரு தேத்தண்ணீர் குடித்திருப்போம் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு ஹன்னாவின் அப்பா உடுப்புக் கதையைச் சொன்னார். அந்தப் பண்ணை வீட்டு அம்மா விமானப்படைக் காலுறைகளையும் உள்ளுடுப்புகளையும் ஒருநாளும் வெளியே கொடியில் போடவில்லையாம். அடுப்புக்குப் பின்னால், புகை மணக்க மணக்க, உள்ளேயே காயவைத்தாராம். வீட்டில் எத்தனை ஆண்கள் என்று தெருவால் போகிறவனுக்குக் கொடி சொல்லிவிடும் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எல்லோரும் "ஆ" என்று தலையாட்டினீர்கள். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அந்த நேரம் பார்த்து நீ தொடங்கினாய். உன் அம்மாவும் ஒருவரை ஒளித்து வைத்திருந்தவர், பக்கத்து வீட்டுக்காரன் ஆமிக்குக் காட்டிக் கொடுத்துவிட்டான், கலியாணத்தன்று உன் பேச்சில் இரண்டு கதையையும் சேர்த்துச் சொல்லப்போகிறாய் என்று. முந்நூறு பேருக்கு முன்னால். மைக்கில். ஹன்னா என் கையைப் பிடித்தாள். என்னால் அந்தக் கைக்குள் கையை வைத்திருக்க முடியவில்லை, நிரோ. அதுதான் எழுந்தேன்.

காட்டிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. நான்.

உனக்குச் சொன்ன கதையில் பாதி உண்மை. எனக்குப் பத்தொன்பது வயது. ஊர் இராணுவத்தின் பிடியில். என் ஐயாவுக்கு, உன் தாத்தாவுக்கு, கொழும்பில் வேலை, பாதை பூட்டி ஆறு மாதம் வரவில்லை. வீட்டில் உன் அம்மம்மாவும் நானும்தான். இராணுவம் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் சோக்குக்கட்டியால் ஆள் கணக்கு எழுதியிருந்தது, எங்கள் கதவில் பெண் இரண்டு. வேலிகளை எல்லாம் இடுப்பளவுக்கு வெட்டச் சொல்லியிருந்தார்கள், ஒழுங்கையால் ரோந்து போகும்போது முற்றம் தெரிய வேண்டுமாம். அப்போது பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளின் பெயர்களை எழுதி வைத்தவர் குணம் மாஸ்டர், எனக்குக் கணக்குப் படிப்பித்தவர். துவக்குத் தூக்கியவர் இல்லை. ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில், யாரை, எந்தச் சந்தியில், எந்த நாள் பிடித்தார்கள் என்று அழகான கையெழுத்தில் எழுதினார். நானும் வேறு இரண்டு பெட்டைகளும் கார்பன் தாள் வைத்துப் பிரதி எடுப்போம். குடையை மடித்து அதற்குள் சுருட்டி வைத்துக் கோயிலுக்குப் போவதுபோலப் போய்க் கொடுப்போம். அது வெளிநாடுவரை போனது என்று மாஸ்டர் சொல்லுவார். போனதோ என்னவோ, ஆனால் ஒரு பெயரும் எழுதாமல் விடப்படவில்லை. அவரைத் தேடத் தொடங்கியதும் எங்கள் வீட்டுக்கு வந்தார். நெல் மூட்டை அடுக்கியிருந்த அறைக்குள் பதினேழு நாள் இருந்தார்.

இடுப்பில் உடுக்க அவருக்கு இருந்தது இரண்டு சாரம். உன் அம்மம்மாவின் கட்டளை, அவை அறைக்குள்ளேயே காய வேண்டும். மாரி காலம். அறைக்குள் காய்ந்த துணி எப்படி மணக்கும் என்று உனக்குத் தெரியாது, நீ டிரையர் பிள்ளை. பதினேழாம் நாள் விடிய, ஒரு கிழமை மழைக்குப் பிறகு, நல்ல வெயில் எறித்தது. நான் அந்த நீலக்கட்டச் சாரத்தைத் தோய்த்து உதறிக் கொடியில் போட்டேன். அரை மணித்தியாலம் போதும், ரோந்து ஒன்பது மணிக்குத்தான் வரும் என்று நினைத்தேன். அவர் மணக்காத ஒரு சாரம் உடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்றே வைத்துக்கொள், இந்த வயதில் எனக்கு என்ன வெட்கம். அடுப்பில் பால் பொங்கியது, அதைப் பார்க்கப் போனேன், மறந்தேன். அவ்வளவுதான்.

ஏழரைக்கே வந்துவிட்டார்கள். ஒருவன் வேறெங்கும் பார்க்கவில்லை, நேரே கொடிக்குப் போய்ச் சாரத்தை இழுத்து எடுத்தான். "யார் சாரம்? யார் சாரம்?" என்று உன் அம்மம்மாவின் முகத்துக்கு முன்னால் பிடித்தான். அம்மம்மா, "அவர் கொழும்பால வந்தா உடுக்கிறது, பெட்டியில கிடந்தது" என்றார். அவன் சாரத்தின் நுனியைப் பிழிந்தான். தண்ணீர் சொட்டியது. கதவில் இருந்த சோக் எழுத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு எல்லோரும் உள்ளே போனார்கள். மாஸ்டரை மேல் உடுப்பில்லாமல் கொண்டு வந்தார்கள். என்னைத் தாண்டிப் போகும்போது அவர் கொடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், கோபமாகப் பார்க்கவில்லை. அவர் திரும்பி வரவேயில்லை. அவருடைய பெயரைக் கொப்பியில் எழுதியது நான்.

நீ சொல்கிற அந்தப் பக்கத்து வீட்டுக்காரர், ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், சந்தியோ அண்ணை. சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அன்று விடிய அவர் கடை வாசலில் ஆமிக்காரரோடு நின்று கதைத்ததை நாலு பேர் கண்டிருந்தார்கள், சோடா உடைத்துக் கொடுத்ததையும் கண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்தவர்களிடம் உன் அம்மம்மா, "எனக்கென்ன தெரியும், அவர் ஆமியோட கதைச்சுக்கொண்டு நிண்டவராம்" என்றார். அவர் பெற்ற மகளைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னார், அதை நான் இன்றுவரை குற்றம் சொல்லவில்லை. அருகில் நின்ற எனக்கு வாய்க்குள் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஒரு சொல், "இல்லை, சாரம் கொடியில் கிடந்தது" என்ற ஒரு சொல். நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். அடுத்த கிழமை அவருடைய கடைக்கு யாரும் போகவில்லை. அதற்கடுத்த மாதம் கடையை உடைத்தார்கள். எங்கள் ஊரில் ஒரு குடும்பத்தைத் தண்டிக்க அடிக்கத் தேவையில்லை, நல்லது கெட்டது சொல்லாமல் விட்டால் போதும். கலியாணத்துக்குச் சொல்வதில்லை, செத்த வீட்டுக்குச் சொல்வதில்லை, பூப்புனித நீராட்டுக்குச் சொல்வதில்லை. அந்தக் குடும்பம் மன்னாருக்குப் போய், அங்கிருந்து எப்படியோ கனடாவுக்கு வந்தது. அந்தச் சொல்லாமல் விடுகிற பழக்கமும் அவர்களுக்குப் பின்னால் விமானம் ஏறி வந்தது.

உனக்குப் பதினொரு வயதில் நான் அடித்த அடி நினைவிருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் வருடத்தில் இரண்டு தடவையாவது சொல்லிக் காட்டுகிறாய். டோர்செட் பார்க் அப்பார்ட்மெண்டில், நனைந்த ஹொக்கி ஜேர்சியை நீ பல்கனிக் கம்பியில் காயப்போட்டாய். நான் வேலையால் வந்து கீழே நின்று பார்த்தபோது பதினோராம் மாடியில் எங்கள் வீட்டில் ஒரு நீலத்துணி ஆடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த உன் கன்னத்தில் என்ன ஏது என்று கேட்காமல் அறைந்தேன். "வட் டிட் ஐ டூ?" என்று நீ கேட்டாய். நீ ஒன்றும் செய்யவில்லை, ராசா. அப்பா, "பில்டிங் றூல், துணி போடக்கூடாது" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். அவருக்கும் நான் சொல்லவில்லை. அவர் அது தெரியாமலே கண்ணை மூடினார். என் மீதிருந்த கோபத்தை எல்லாம் நான் உன்னிடமும் அவரிடமும்தான் இறக்கியிருக்கிறேன், இந்த ஞாயிற்றுக்கிழமைவரை.

இன்னொன்றும் நீ கேட்பாய், அஜின்கோர்ட்டில் றீற்றாவின் பேக்கரி பக்கத்தில் இருக்க, ரோல்ஸ் வாங்க நான் ஏன் அவ்வளவு தூரம் மார்க்கம் நகருக்குப் போகிறேன் என்று. அவள் காட்டிக் கொடுத்தவரின் மகள் என்பதால் என்று நீயே முடிவெடுத்துக்கொண்டாய். உன் கலியாணக் கேக்கைக்கூட அங்கே சொல்லக்கூடாது என்று ஹன்னாவுக்கு விளக்கம் வேறு கொடுத்தாய். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். றீற்றா சந்தியோ அண்ணையின் மகள் என்பது உண்மை. ஆனால் நான் அந்தக் கடையைச் சுற்றிப் போனது வெறுப்பால் இல்லை. முழிக்க முகமில்லாமல்தான். பதினாறு வருடத்துக்கு முன்னால் சந்தியோ அண்ணை இங்கேதான் செத்தார். நம் ஊர்ச் சனம் நிறைந்த ஸ்காபரோவில் அந்தச் செத்த வீட்டுக்கு நம் ஊர் ஆட்கள் ஐந்து பேர் போயிருந்தார்களாம். நான் அன்றைக்கு ஓவர்டைம் செய்தேன்.

நேற்று வியாழக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். உன் கலியாணக் கார்ட் ஒன்றை, "திருமதி றீற்றா குடும்பம்" என்று எழுதி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். சனம் இல்லாத நேரம். அவள் கேக் பெட்டிகளை மடித்துக்கொண்டு நின்றாள்.

"வாங்கோ அக்கா. என்ன வேணும்?"

"வாங்க வரேல்லை. உம்மோட ஒரு விசயம் கதைக்க வேணும்."

இப்போது உனக்கு எழுதியதை எல்லாம் அவளுக்குச் சொன்னேன். சாரம், பால், தண்ணீர் பிழிந்தது, அம்மா சொன்னது, நான் சொல்லாதது. அவள் ஒரு பெட்டியையும் நிறுத்தாமல் மடித்தாள். நான் முடித்ததும் நிமிர்ந்தாள்.

"முடிஞ்சுதோ?"

"ஓம்."

"உது எனக்குத் தெரியும் அக்கா."

எப்படி என்று கேட்டேன்.

"அப்பா அண்டைக்கு விடியக் கடை திறக்கப் போகேக்க உங்கட கொடியில சாரத்தைக் கண்டவர். ரெண்டு பொம்பிளையள் இருக்கிற வீட்டில ஆம்பிளைச் சாரம் ஏன் எண்டு கடையைத் திறந்தாப்பிறகுதான் யோசிச்சவர். திரும்பி வந்து சொல்லுவம் எண்டு கடையைத் திறந்தபடி விட்டிட்டு வெளிக்கிட, ஆமி சந்திக்கு வந்திட்டுது. என்ன செய்யிறது? மறிச்சு வச்சுக் கதை குடுத்தவர். சோடா உடைச்சுக் குடுத்தவர். பத்து நிமிசம் பிடிச்சு வச்சிருந்தவர், அதுக்குள்ள ஆராவது கண்டு எடுப்பினம் எண்டு. ஒருத்தரும் எடுக்கேல்லை."

"ஏன் அவர் ஊருக்கு அதைச் சொல்லேல்லை?"

"அம்மாவும் அழுது அழுது அதைத்தான் கேட்டவ. 'பத்தொன்பது வயசுப் பிள்ளை, ஊர் அதைத் திண்டுபோடும். எனக்கென்ன, ஒரு சைக்கிள் கடைதானே போகும்' எண்டவர்." அவள் கையிலிருந்த பெட்டியை மேசையில் வைத்தாள். "கடை மட்டும் போகேல்லை அக்கா. எனக்குப் பேசின கலியாணம் ரெண்டு குழம்பினது. அப்பாவின்ர சவப்பெட்டியைத் தூக்க ஆள் காணாமல் கூலிக்கு ஆள் பிடிச்சனாங்கள். நான் எங்கயாவது சாமத்திய வீட்டுக்குக் கேக் கொண்டு வாறபோது நீங்கள் என்னைக் கண்டிட்டு அங்கால திரும்புவீங்கள். ஒவ்வொரு முறையும் நான் நினைக்கிறனான், இண்டைக்கு வந்து சொல்லுவா எண்டு."

நான் அழுதேன். அவள் அழவில்லை. கண் துடைக்க ஒரு ரிசுப் பேப்பரைக்கூட நீட்டவில்லை, நீட்ட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. "என்ன செய்ய வேணும், சொல்லும்" என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் அப்போதுதான் வந்தது.

"எனக்கு வந்து சொல்லி என்ன பிரயோசனம்? எனக்குத்தான் தெரியுமே. பொய்யை ஊருக்குச் சொல்லிப்போட்டு உண்மையை என்ர காதுக்குள்ள வந்து சொல்லுறீங்கள். தெரியாத ஆக்களுக்குச் சொல்லுங்கோ."

கார்டை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "கலியாணம் சொல்லுறது எண்டா கடையில வச்சுத் தாறதில்லை. வீட்டுக்கு வாங்கோ, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. அப்பாவின்ர பேரை எழுதிக்கொண்டு வாங்கோ. நாங்கள் கலியாணத்துக்கு வருவமோ இல்லையோ, அது எங்கட விருப்பம்." மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, நிரோ. நீ ஹன்னாவுக்குச் சொல்லும்போது அதைச் சேர்த்துவிடாதே. உனக்குக் கதைகளை மினுக்கி முடிக்கிற பழக்கம் இருக்கிறது.

இதனால்தான் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். உன் பேச்சில் அந்தப் பந்தியைக் கிழித்துவிடு. ஹன்னாவின் அப்பாவின் தாத்தாவைப் பற்றிச் சொல், அந்தப் பண்ணை வீட்டு அம்மாவைப் பற்றிச் சொல், அவர் கெட்டிக்காரி. அதன் பிறகு மைக்கை என்னிடம் தா. குணம் மாஸ்டரைப் பற்றியும் சந்தியோ அண்ணையைப் பற்றியும் நான் சொல்லுகிறேன். மண்டபத்தில் நம் ஊர் ஆட்கள் பாதிப்பேர் இருப்பார்கள், கேட்கட்டும். உனக்கு அது வெட்கமாக இருந்தால் இருக்கட்டும். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இவ்வளவுதான்: ஹன்னாவிடம் ஒரு பிழை விட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. அடுத்த நாள் சொல்வோம் என்று வைத்தால், அடுத்த நாளும் அதையேதான் நினைப்பாய். எனக்கு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அப்படித்தான் போனது. நான்கு நாள் போன் எடுக்காமல் இருப்பதும் அந்தக் குணத்தின் தொடக்கம்தான், என்னிடமிருந்துதான் உனக்கு வந்திருக்கும், அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிச்சல் வருகிறது.

நாளைக்குச் சனிக்கிழமை. இந்தக் கடிதத்தை இன்று பின்னேரம் உன் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டுப் போவேன். றீற்றா வீட்டுக்குப் போகப் புதிய கார்ட் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், பெயர் எழுதுகிற இடம் வெறுமை. "அமரர் சந்தியோ குடும்பம்" என்று உன் கையால் எழுது, எழுத்துப் பிழை விடாதே. பத்து மணிக்கு என் பில்டிங்கின் கீழே லொபியில் நிற்பேன். பத்தேகாலுக்கும் உன் காரைக் காணாவிட்டால் நானே பெயரை எழுதிக்கொண்டு பஸ்ஸில் போவேன். "மகன் எங்கே" என்று அவர்கள் வாசலில் கேட்பார்கள். வேலை, சுகமில்லை, கார் பழுது என்று ஒன்றும் சொல்லமாட்டேன். வரவில்லை என்றுதான் சொல்வேன். அந்தக் குடும்பத்துக்கு நம் வீட்டிலிருந்து இன்னொரு பொய் போகாது.

அம்மா